பத்துத் துண்டுக்கு மேல் வைத்திருக்காதே

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. நான் வேலை பார்த்த கேபிள் நெட்வொர்க்கில் இப்போது எல்லாவற்றையும் வெளியூர்க் கம்பெனி ஒன்றின் சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். திண்டிவனம் கன்ட்ரோல் ரூமில் இருந்த கம்ப்யூட்டர்கள் இரண்டும் விழுப்புரம் ஆபீசில் மூலையில் கிடக்கின்றனவாம். அங்கே இருக்கும் பிள்ளைகள், "சார், அந்தக் காலத்துல லைவ் எப்படி ஓட்டுனீங்கன்னு எழுதி அனுப்புங்க, கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்" என்று கேட்டார்கள். 'அந்தக் காலம்' என்று அவர்கள் சொல்வது நாலைந்து வருடத்துக்கு முந்தைய காலத்தை. ஜாலியான கதைகள் என்னிடம் இல்லாமல் இல்லை. ஆனால் பேனாவை எடுத்தால் ஒரே ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. அது ஜாலியானது இல்லை. பிள்ளைகள் மன்னிக்க வேண்டும்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன். விழுப்புரத்தில் தெருத் தெருவாகக் கம்பம் ஏறிக் கேபிள் இழுத்தேன். மழை பெய்தால் படம் வராது, படம் வராவிட்டால் வசவு வரும். செட்டாப் பாக்ஸ் வந்தபோது அதைக் கற்றுக்கொண்டேன். ஓனர் உள்ளூர் சேனல் ஆரம்பித்தபோது, முட்டி வலிக்கிறது என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஏணியிலிருந்து இறக்கித் திண்டிவனம் கன்ட்ரோல் ரூமில் உட்காரவைத்தார். என் பயிற்சியும் படிப்பும் இவ்வளவுதான்.

பிறகு ஜனங்கள் டிவியை விட்டுவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஓனர் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "குவைத்துல இருக்கிறவனும் மயிலம் கோயில் பூஜைய நம்ம மூலமா பாக்கணும். ஆனா நம்ம ஆப்லதான் பாக்கணும், வேற எதுலயும் போடக்கூடாது" என்றார். அதற்கான சாஃப்ட்வேரை விலை கொடுத்து வாங்க அவருக்கு மனசில்லை. அப்போதுதான் சம்பந்தம் சார் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அவர் வேறொரு சேனலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான ஆள், அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் கொண்டுவந்த சாஃப்ட்வேர் இலவசம். எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ சேர்ந்து எழுதி, மூல நிரலையும் திறந்தபடி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சும்மா கொடுக்கிற பொருளில் ஏதோ கோளாறு இருக்கும் என்றுதான் நினைத்தேன். கோளாறு அதில் இல்லை.

அது செய்கிற வேலையை எளிதாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவிலிருந்து வரும் படத்தை அது ஆறு வினாடிக்கு ஒன்றாகத் துண்டு போடும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுக்கும். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்று ஒரு பட்டியல் எழுதிவைக்கும். பார்க்கிறவரின் போன் அந்தப் பட்டியலைப் படித்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஓட்டும். பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, அவருக்குப் படம் ஒரே ஓட்டமாக ஓடும்.

எங்கள் கம்ப்யூட்டரில் இடம் எப்போதும் பற்றாது. அதனால் தினசரி நிகழ்ச்சிகளுக்குக் கட்டளையின் கடைசியில் கூடுதலாக இரண்டு வார்த்தை சேர்ப்போம். பத்துத் துண்டுக்கு மேல் வைத்திருக்காதே, பழையதை அழித்துவிடு என்று அதற்கு அர்த்தம். பத்துத் துண்டு என்றால் ஒரு நிமிடம். காலை பூஜை ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் அழிந்துகொண்டே வரும். முக்கியமான நிகழ்ச்சி என்றால் அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட வேண்டும். எல்லாத் துண்டும் அப்படியே நிற்கும், நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரே படமாகக் கட்டி எடுத்து வைத்துக்கொள்வோம்.

அந்த சாஃப்ட்வேரில் பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் மூன்று வரிக்குக் கட்டளையை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும். சம்பந்தம் சார் அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். டைப் செய்து முடித்ததும் பின்னால் கை கட்டி நின்றுகொண்டு, "விரலை எடுங்க" என்பார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். "இப்ப படிங்க" என்பார். திரையில் இருப்பதை ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அது என்ன செய்யும் என்று தமிழில் சொல்ல வேண்டும். அவர் "ம்" என்ற பிறகுதான் அடுத்த வார்த்தை. எல்லாம் முடிந்தால், "தட்டுங்க." அவர் விழுப்புரத்தில் இருக்கும் நாட்களில் போனில் படித்துக் காட்ட வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவனை ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி படிக்க வைக்கிறாரே என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் வினையாகப் போயிற்று.

ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு தனியார் கம்பெனி பெரிய கிடங்கு கட்ட நிலம் வாங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கத் தயங்கிய விவசாயிகளை ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்துக் கூட்டம் போட்டார்கள். அதை லைவ் போட வேண்டும் என்று ஊர்க்காரர்கள்தான் எங்களிடம் வந்து கேட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கட்டும், நாளைக்கு ஒரு ஆதாரமாகவும் இருக்கட்டும் என்றார்கள். 'ஆதாரம்' என்ற வார்த்தையை அவர்கள் என் காது கேட்கச் சொன்னார்கள்.

எங்கள் கேமராவில் கார்டு போடும் இடம் உடைந்து பல மாதம் ஆகியிருந்தது. அது படம் பிடிக்கும், தன்னிடம் வைத்துக்கொள்ளாது. மண்டபத்திலிருந்து படம் நேராகத் திண்டிவனத்தில் என் கம்ப்யூட்டருக்கு வரும். என் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டால்தான் உண்டு.

அன்று காலை வழக்கம்போல மயிலம் பூஜையை ஓட்டி முடித்திருந்தேன். மண்டபத்திலிருந்து படம் வர ஆரம்பித்ததும், புதிதாக டைப் செய்யச் சோம்பல்பட்டு, மேல் அம்புக்குறியைத் தட்டினேன். கடைசியாகக் கொடுத்த கட்டளை திரையில் தானாக வந்து நிற்கும். நிகழ்ச்சியின் பெயரை மட்டும் மாற்றினேன். சம்பந்தம் சார் விழுப்புரத்தில் இருந்தார், போன் செய்தேன்.

"விரலை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன் சார்."

"படிங்க."

படித்தேன். திரையைப் பார்த்துப் படிக்கவில்லை. எத்தனையோ தடவை படித்துப் படித்து அந்தக் கட்டளை எனக்குப் பாடமாகிவிட்டிருந்தது. முக்கியமான நிகழ்ச்சிக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே, ஒரு பிழை இல்லாமல், மனப்பாடமாக ஒப்பித்தேன். கண் மட்டும் மண்டபத்துப் படத்தின் மேல் இருந்தது. திரையில் இருந்ததோ காலைப் பூஜையின் கட்டளை, அழித்துவிடு என்ற வார்த்தைகளோடு. அவர் வார்த்தைக்கு வார்த்தை "ம்" கொட்டினார். "தட்டுங்க" என்றார். தட்டினேன்.

கூட்டத்தில் பொன்னியம்மாள் என்ற அம்மா எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை போடும் நிலம் இரண்டு ஏக்கர், நடுவில் ஒரு கிணறு, மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். "நெலத்த குடுக்கறன் சார். கெணத்தயும் அத்த சுத்தி அரை ஏக்கரும் எனக்கு உட்டுடணும். அது இல்லன்னா கேப்பை வெதச்சிக் கூழு குடிக்கக்கூட எனக்கு வழியில்ல" என்றார். கம்பெனியிலிருந்து வந்த ஆள் மைக்கைப் பிடித்து, "அம்மா, உங்க கிணறும் அரை ஏக்கரும் எங்களுக்கு வேணாம். கிடங்குக்கு வர்ற பாதை ஏரிக்கரை ஓரமாப் போயிடும். இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், போதுமா?" என்றார். கை தட்டினார்கள். அந்த வார்த்தையை நம்பி அங்கேயே அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். நான் பத்து மைல் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது என் பக்கத்தில் அழிந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் படத்தைக் கட்டி எடுக்கலாம் என்று போல்டரைத் திறந்தேன். பத்தே பத்துத் துண்டு இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். நன்றியுரை முடிந்து, மண்டபத்து ஆட்கள் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று தெரியாமல் அந்த ஒரு நிமிடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

மறுநாள் காலையிலேயே சம்பந்தம் சார் திண்டிவனம் வந்தார். அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேரை வைத்து இரண்டு நாள் உட்கார்ந்து தேடினோம். இடம் பற்றாத கம்ப்யூட்டரில் அழிந்த இடத்தின் மேலேயே புதுசு எழுதப்பட்டுவிடும். மூன்று துண்டு மட்டும் கிடைத்தது. ஒன்றில் பொன்னியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். முந்தானை ஓரத்தை விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார். ஆறு வினாடியில் அது முடிந்துவிடும். பேச்சு எதுவும் கிடைக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்கள் கேள்வி பதிலுக்காக வைத்திருக்கும் பக்கத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உங்கள் சாஃப்ட்வேர் எங்கள் கூட்டத்தை அழித்துவிட்டது என்று எழுதினேன். நான் கொடுத்த கட்டளையையும் ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் எவரோ ஒருவர் பதில் போட்டார். நீங்கள் கேட்டதைத்தான் அது செய்திருக்கிறது, இந்த இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் இது, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று பொறுமையாக எழுதியிருந்தார். சில மாதம் கழித்து அவர்களுடைய வழிகாட்டியில் அந்த வார்த்தைகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. உலகத்தில் எவனோ ஒருவன் இனிமேல் தப்பித்துக்கொள்வான். நல்லதுதான். எனக்கு அதில் ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பொன்னியம்மாள் எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு மாடியேறி வந்தார். கிணற்றைச் சுற்றிக் கல் நட்டுவிட்டார்களாம். கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் மொத்த நிலமும் எழுதியிருக்கிறதாம். "கேட்டவங்க நூறு பேரு இருக்காங்கன்னு சொன்னேன் சார். எல்லாம் உன் ஊருக்காரங்கதானே, அது நிக்காதுன்னுட்டாரு வக்கீலு. டிவில எடுத்தாங்களே, அந்தப் படத்த வாங்கியா, அது ஒண்ணு போதும்னாரு" என்றார். கையில் பத்திரத்தின் நகல், மடித்து மடித்து நைந்துபோயிருந்தது.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "பெரிய சார் வரணும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றேன்.

சம்பந்தம் சார் ஓனரிடம் சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றே சொல்லுங்கள், நாலு தடவை அலைந்தால் தானாக விட்டுவிடுவார்கள், நம் பெயர் கெடக்கூடாது என்றாராம் ஓனர். இதை என்னிடம் சொல்லும்போது சம்பந்தம் சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "சார், உண்மைய சொல்லிடலாமே" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மை என்றால் என் பெயர்தானே முதலில் வரும். எனக்கு ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருந்தது, பெண் கல்யாணத்துக்கு இருந்தாள். காரணங்களுக்கு என்ன பஞ்சம்.

செவ்வாய்க்கிழமை தோறும் அந்த அம்மா வந்தார். "இன்னா சார், கெடச்சுதா?" என்பார். "தேடிக்கினு இருக்கோம்மா, அடுத்த வாரம் வாங்க" என்பேன். ஒரு தடவை கேரி பேக் நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்தார். "அந்த நெலத்துதுதான் சார், கடைசி வெள்ளாம" என்று மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. வாட்ச்மேன் எடுத்துத் தின்றார்.

ஆறாவது வாரம் சம்பந்தம் சாரே இருந்தார். "அம்மா, டிஸ்க் கெட்டுப்போச்சு. எடுக்க முடியல" என்றார். அவர் குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. பொன்னியம்மாள் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்தார். "ரிப்பேர் பண்ணவே முடியாதா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து என்ன நினைத்தாரோ, "மிஷின்தான, அதுக்கு இன்னா தெரியும், நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று எங்களைத் தேற்றிவிட்டு இறங்கிப் போனார். வழக்கு நிற்கவில்லை. கிணற்றை மூடிவிட்டார்கள் என்று பிறகு கேமராமேன் வந்து சொன்னான்.

அடுத்த வருடம் சம்பந்தம் சார் வேலையை விட்டுவிட்டுக் கடலூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். பஸ் ஏறும் முன்னால், "தேவநாதன், அன்னைக்குப் போன்ல வழக்கத்தை விட வேகமாப் படிச்சீங்க. திரையைப் பாக்காமப் படிக்கிறாரோன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. நிறுத்திக் கேட்டிருக்கணும். கேக்கல" என்றார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

நான் இன்னும் மூன்று வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். மேல் அம்புக்குறியைத் தொடவே இல்லை. தப்பு நடந்த பிறகு வந்த ஒழுக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

ஓய்வு பெற்றதும் இந்தப் பாரத்தை இறக்கிவைத்தால்தான் தூங்க முடியும் என்று தோன்றியது. போன மாதம் பஸ் பிடித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். கிடங்கின் தகரக் கூரை ரோட்டிலிருந்தே தெரிகிறது. பொன்னியம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து யாருக்கோ கூலிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க டிவி சார்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். டிஸ்க் கெடவில்லை, நான்தான் தப்பான கட்டளை கொடுத்தேன், படம் அன்றைக்கே அழிந்துவிட்டது என்றேன்.

அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. "நான் மொத தரம் வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார்.

"தெரியும்மா."

"அப்ப வாரா வாரம் வாங்கன்னு சொன்னது?"

நான் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தேன். அவர் அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தார்.

"எம் பையன் மஸ்கட்ல இருந்து அன்னிக்குப் பூரா பாத்துக்கினு இருந்தான் சார். அந்த ஆளு எனக்கு வாக்கு குடுத்தத மட்டும் அவன் போன்லயே புடிச்சி வெச்சிருந்தான். நான் உங்க கிட்ட மூணு தரம் வந்துட்டுப் போனப்பறம்தான் அத்த எங்கிட்ட சொன்னான். போன்ல எடம் பத்தல, அழிச்சிடட்டுமாம்மான்னு கேட்டான். டிவிகாரங்க கிட்ட முழுசா இருக்குதுடா, அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லிக்கினு இருக்காங்க, நீ அழிச்சிடுன்னு நான்தான் சொன்னேன்."

என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"மிஷினு கெட்டுப்போச்சின்னா அதுக்கு யாரும் இன்னாவும் பண்ண முடியாது. இத்தினி வருசம் அப்பிடித்தான் மனச தேத்திக்கினு இருந்தேன். இப்ப பாத்தா, இல்லாத படத்த நம்பி, இருந்த படத்த நானே அழிக்கச் சொல்லியிருக்கேன்." உரித்த பருப்பை முறத்தில் தள்ளிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இத்த எதுக்கு சார் இவ்ளோ தூரம் வந்து எங்கிட்ட சொன்னீங்க?"